உண்ணித் துணிமேல் சத்தியம்

பங்காரம்மாவுக்கு வாய் நீளம் என்று நேரலகொப்பாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த வாய் இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. பூட்டுப் போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவர்களும் அவர்கள்தான்.

அவள் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். பதினெட்டு வயதில் சௌடப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். சௌடப்பா வாசப்ப கௌடரின் பாக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். அவன் அப்பனும் அங்கேதான். கௌடருக்குத் தோட்டத்தை ஒட்டி ஒரு மலைச்சரிவு உண்டு. தழைக்காடு என்று பெயர். பாக்குமரத்து அடியில் போடத் தழையும் மாட்டுக் கொட்டிலில் பரப்பச் சருகும் அங்கிருந்துதான் வரும். மழை விட்டு, பனி குறைந்து, இலை உதிரத் தொடங்கினால் புருஷனும் பெண்டாட்டியுமாக அந்தச் சரிவில் சருகு கூட்டுவார்கள். வலையில் அமுக்கிக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். மே மாதம் வரைக்கும் அதே வேலை.

சருகு இருக்கும் இடத்தில் உண்ணி இருக்கும். அதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் ஒருத்தரை ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். கடுகு மாதிரி ஒன்று அக்குளில் இருக்கும், இடுப்பு மடிப்பில் இரண்டு இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் விட்டுவிடும் என்பது ஊர் வைத்தியம். எங்கே விடும்? தலையை உள்ளே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் கொடுக்கும், அப்புறம் ஒரு மாதம் சொறிய வேண்டியதுதான். பங்காரம்மா நகத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பாள். சௌடப்பாவுக்கு முதுகில் கூச்சம் அதிகம். அவன் நெளிவான், அவள் மண்டையில் ஒரு குட்டு வைப்பாள், உண்ணியை அடுப்பில் போடுவாள், பட்டென்று ஒரு சத்தம் வரும். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டதெல்லாம் அந்த வெந்நீர் அடுப்படியில்தான். பிள்ளை இல்லாத குறையைக்கூட அங்கேதான் பேசினார்கள்.

அந்தத் தை மாதம் அவள் தங்கை கல்யாணத்துக்காகப் பிறந்த வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வந்த அன்று காலையில் தழைக்காட்டு நாவல் மரத்தடியில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது.

குரங்கு செத்தால் சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், யாரும் கிட்டே போகக் கூடாது. இது பள்ளிக்கூடச் சுவர் வரைக்கும் எழுதி வைத்த விஷயம். குரங்குக் காய்ச்சல் வந்த குரங்கு செத்ததும் அதன் மேலிருக்கும் உண்ணியெல்லாம் அடுத்த உடம்பைத் தேடி இறங்கும். சொன்னால் ஆட்கள் வந்து உடம்பை எரிப்பார்கள், மருந்துப் பொடி தூவுவார்கள், மழைக்காலம் வரைக்கும் காட்டை மூடிவிடுவார்கள். கௌடருக்கு இதில் கடைசி விஷயம்தான் கண்ணில் பட்டது. காட்டை மூடினால் கொட்டிலுக்குச் சருகு ஏது, தோட்டத்துக்குத் தழை ஏது?

ஆகவே கௌடர் சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்பவில்லை. பூமாலைக்கு ஆள் அனுப்பினார். என் நிலத்தில் வந்து அனுமான் உடம்பை விட்டிருக்கிறான், ராஜ மரியாதையோடு அனுப்ப வேண்டும் என்று கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு சொன்னார். ஊரும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குரங்கைக் குளிப்பாட்டும் பாக்கியம் பரம்பரை வேலைக்காரனான சௌடப்பாவுக்குக் கிடைத்தது. அவன் அதை மடியில் கிடத்தி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தான். நெற்றியில் குங்குமம் வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, பஜனை பாடி, பாடையில் தூக்கிப் போய்த் தழைக்காட்டிலேயே புதைத்தார்கள். பாடையின் முன்பக்கம் சௌடப்பா, பின்பக்கம் இன்னொரு கூலியாள் ஹூவப்பா. கௌடர் இருபது அடி தள்ளியே நடந்தார். துக்கம் தாங்காமல் தள்ளி நடக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது, பாவம்.

அன்று சாயங்காலம் சௌடப்பாவின் கழுத்திலும் தொடையிலும் மிளகைத் தூவினாற்போல் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அனுமானுடைய உண்ணிடீ, மெதுவா எடு என்று அவன் சிரித்தான். குட்டு வைத்தாள். அதுதான் அவள் அவனுக்கு வைத்த கடைசிக் குட்டு.

எட்டாம் நாள் அவனுக்குத் தலைவலி. அப்புறம் காய்ச்சல், கண் இரண்டும் கொவ்வைப்பழம், ஈறில் ரத்தம். பக்கத்து ஊர் வைத்தியரிடம் காட்டி ஊசி போட்டார்கள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பங்காரம்மாவும் அவன் படுத்த ஐந்தாம் நாள் சுருண்டு விழுந்தாள். அன்றைக்கு அவன் கழுத்தில் பிடுங்கிய உண்ணிகள் அவளை மட்டும் சும்மா விட்டுவிடுமா? அவளைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் அங்கே நினைவில்லாமல் கிடந்தபோது சௌடப்பா வீட்டில் செத்துப்போனான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தலைமுடியெல்லாம் கொட்டி, குச்சி மாதிரி வீட்டுக்கு வந்தவளைப் பார்க்க வாசப்ப கௌடர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

“அனுமான் கூப்பிட்டுக்கிட்டான் பங்காரி. அழாதே,” என்றார்.

அவள் அழுதாள். அவரைக் கும்பிடவும் செய்தாள். அந்தக் கும்பிட்ட கையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு எரியும். ஏனென்றால் அதற்கு நாலு நாள் கழித்துச் சுகாதாரக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். பங்காரம்மாவின் ரத்தத்தில் குரங்குக் காய்ச்சல் என்று வந்திருந்தது. இங்கே குரங்கு ஏதாவது செத்ததா என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். கௌடர் எழுந்து நின்று, ஒன்று செத்தது, கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்ச் சீக்கை வாங்கிக்கொண்டு வந்தாள், புருஷனுக்கு ஒட்ட வைத்துவிட்டு இவள் பிழைத்துக்கொண்டாள் என்றார்.

அவ்வளவுதான். சௌடப்பாவின் ரத்தத்தை யாரும் எடுக்கவில்லை, காகிதத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று எழுதிப் போய்விட்டார்கள். ஊர் கௌடர் சொன்னதை நம்பியது. நம்பினால்தானே அடுத்த நாள் தழைக்காட்டில் வேலை? அன்றிலிருந்து பங்காரம்மா வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. புருஷனைத் தின்றவள் என்று குழாயடியில் காதுபடப் பேசினார்கள். வாய் நீளமானவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. கௌடர் வாய் எதைச் சொல்லிற்றோ அதே வாய் அதைத் திருப்பி எடுக்க வேண்டும், ஊர் கூடியிருக்கிற இடத்தில் எடுக்க வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த பனிக்காலத்தில் நஸீர் என்ற இளைஞன் அவள் வாசலில் வந்து நின்றான். சுகாதார நிலையத்தில் உண்ணி பிடிக்கும் வேலைக்குப் பொறுப்பானவன். காடு காடாகப் போய் உண்ணி பிடித்துச் சோதனைக்கு அனுப்ப ஆள் வேண்டும், பயந்துகொண்டு யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்றான்.

“உங்களுக்கு ஒரு தடவை வந்து பொழைச்சிட்டீங்கக்கா. அப்படிப்பட்டவங்களுக்குத் திரும்ப வர்றதில்லைன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. இன்னொண்ணு, இது ஆளுகிட்டேருந்து ஆளுக்கு ஒட்டாது. உண்ணி கடிச்சாத்தான் வரும்.”

ஒட்டாது என்பதை அவளிடம் அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. ராத்திரியெல்லாம் அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது, ஒருவேளை நான்தானோ என்று. அந்த ஒரு வருஷச் சந்தேகத்துக்கும் சேர்த்துக் கௌடர் பதில் சொல்ல வேண்டும் என்று அப்போது முடிவு செய்தாள். நஸீருக்குக் காபி கொடுத்தாள். அவன் குடித்தான்.

வேலை என்னவோ எளிதுதான். முழங்கால் வரை பூட்ஸ், கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, கையிலும் கழுத்திலும் சுகாதார நிலையத்து எண்ணெயைத் தடவிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் இல்லை, வேப்பெண்ணெயும் இல்லை, மூக்கில் ஏறிப் பிடரியில் உட்காரும். குச்சியில் கட்டிய வெள்ளைக் கம்பளித் துணியைச் சருகின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மாடோ மனிதனோ போகிறான் என்று உண்ணி பற்றிக்கொள்ளும். பத்தடிக்கு ஒரு தடவை துணியைத் திருப்பினால் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். சின்ன இடுக்கியால் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். உயிரோடு வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இடுக்கியில் மாட்டிய ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து, நீதானா, உங்க அம்மாவா, உங்க பாட்டியா என்று விசாரிப்பாள். திட்டுவாள். திட்டி முடித்துத்தான் குப்பியில் போடுவாள். நஸீர் முதலில் சிரித்தான், பிறகு பழகிவிட்டான். சுற்றுவட்டாரத்துக் காடெல்லாம் அவள் துணி இழுத்தாள். ஒரு காட்டுக்கு மட்டும் போக முடியவில்லை. தழைக்காட்டுக்குக் கௌடர் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார். குரங்கைப் புதைத்த இடத்தில் சின்னதாக அனுமான் கோயில் கட்டியாகிவிட்டது. சாமி காவல் இருக்கும் காட்டில் பூச்சி பிடிக்கிறவர்களுக்கு என்ன வேலை என்று நஸீரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். அவருடைய கூலியாட்கள் மட்டும் உள்ளே போய்ச் சருகு கூட்டினார்கள்.

ஒருநாள் மதியம் வேலை முடிந்து கௌடர் வீட்டு வேலியோரமாக வந்துகொண்டிருந்தாள். வேலிமேல் அவருடைய சால்வை காய்ந்துகொண்டிருந்தது. யாருமில்லை. இடுப்பில் குப்பி, குப்பிக்குள் நாற்பது ஐம்பது உண்ணி. அவள் நின்றாள். பஞ்சைப் பாதி உருவியும்விட்டாள். மனசு வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு நல்ல காரியம் செய்யப் போகிற மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் யோசித்தாள். இந்த ஆள் செத்தால் வாய் மூடிவிடும். ஊரே அழும். புருஷனைத் தின்றவள் என்ற பேர் அப்படியே இருக்கும், கூடவே அனுமான் இவரையும் கூப்பிட்டுக்கொண்டான் என்று இன்னொரு கோயில் எழும்பும். பஞ்சைத் திரும்பச் செருகினாள்.

“உன் உசுரு எனக்கு எதுக்கு? எனக்கு உன் வாய்தான் வேணும்,” என்று சால்வையிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

கோயிலுக்கு இரண்டாம் வருஷப் பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் தழைக்காட்டுக் கதவு காலையிலிருந்து திறந்திருக்கும், ஊருக்கே சாப்பாடு. பூச்சி பிடிக்க வருகிறவளைத் தடுக்கலாம். சாமி கும்பிட வருகிறவளை எப்படித் தடுப்பது? பங்காரம்மா குளித்து, தலைக்கு எண்ணெய் தடவி, துவைத்த சேலை கட்டி, வெள்ளைத் துணியை மடித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கதவைத் தாண்டினாள். சாமிக்குச் சாத்தத் துணி கொண்டுவருகிறாள் என்று வழிவிட்டார்கள். விலகி நின்று வழிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கோயிலைச் சுற்றிப் பத்தடிக்குச் சுத்தமாகப் பெருக்கிச் சாணி தெளித்திருந்தது. அதற்கு வெளியே சருகு. பந்தி பெருக்கிய இடத்துக்குள்ளேயே போட்டிருந்தார்கள். பங்காரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சருகு தொடங்கும் ஓரமாகப் பிரதட்சிணம் வந்தாள். துணியின் இரண்டு முனையை இடுப்பில் செருகி, மீதியைப் பின்னால் தரையில் இழுத்துக்கொண்டு மெல்ல நடந்தாள். அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்கள், முழங்காலில் நடக்கிறவர்கள், தலையில் கல் சுமக்கிறவர்கள் எல்லாரையும் பார்த்த ஊர் அது. இவள் ஏதோ துணி இழுக்கிற வேண்டுதல் செய்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று ஒருத்தி தாராளமாகவே சொன்னாள். மூன்று சுற்று முடிந்ததும் துணியை உள்பக்கமாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கௌடர் பட்டு வேட்டி கட்டி, மார்பில் சந்தனம் பூசி, பந்தியை விசாரித்துக்கொண்டே அவளைக் கடந்து போனார். சந்தனத்தையும் மீறி அந்த வாடை வந்தது. மூக்கில் ஏறிப் பிடரியில் உட்காருகிற வாடை. கணுக்கால் பளபளத்தது. உண்ணி எண்ணெய். கூலிக்காரர்களுக்கு அதெல்லாம் எதற்கு, அனுமான் பார்த்துக்கொள்வான் என்று சொல்லுகிற ஆள், தான் மட்டும் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயப்படுகிறவனிடம் வேலை சுலபம்.

மங்களாரத்தி முடிந்ததும் அவள் கோயில் முன்னால் போய் நின்று, சத்தியம் வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையைச் சாமி முன்னால் சொல்லிவிட்டால் யாரும் எழுந்து போகக் கூடாது. கேட்டவரும் கேட்கப்பட்டவரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு, விரித்த வெள்ளைத் துணியில் எதிரெதிரே உட்கார்ந்து, சாமி பேரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். மறுத்தால் மறுத்தவன் பொய்யன்.

“என்ன சத்தியம் பங்காரி?” என்றார் கௌடர்.

“இந்தச் சாமி கரண்ட்டுல அடிபட்டுச் செத்துச்சா, சீக்குல செத்துச்சா? எம் புருஷனை நான் தின்னேனா, உங்க காடு தின்னுச்சா? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

கௌடர் சிரித்தார். சாமிக்குப் பயப்படுகிற ஆளாக இருந்தால் அப்போதே முகம் மாறியிருக்கும். இவருக்கு மாறவில்லை. பெண்பிள்ளை ஆசைப்படுகிறாள், சொல்லிவிட்டுப் போகிறேன் என்று நல்ல மனிதர் மாதிரி ஓடைப் பக்கம் போனார். நாலு குடம் ஊற்றிக்கொண்டார். சந்தனம் போயிற்று, எண்ணெயும் போயிற்று. பங்காரம்மாவும் ஊற்றிக்கொண்டு வந்தாள். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள், ஒரு குழந்தை கிட்டே வந்தபோது அதட்டித் தாயிடம் அனுப்பினாள். பிறகு துணியைப் பிரித்து விரித்தாள். ஒரு ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

கௌடர் வந்தார். ஒரு காலைத் தூக்கித் துணியில் வைத்தவர், கீழே பார்த்தார். வெள்ளைத் துணி முழுக்க எள்ளைக் கொட்டினாற்போல் இருந்தது, எள் நடந்துகொண்டிருந்தது. சில அவள் சேலை மேல் ஏறிக்கொண்டிருந்தன. அவள் தட்டிவிடவில்லை. கௌடர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“துணிய உதறு,” என்றார்.

“எதுக்கு உதறணும்? உங்க காட்டுது. அனுமான் வீட்டைச் சுத்தி மூணு சுத்துல ஏறினது. உக்காருங்க.”

“உதறுடீங்கறேன்.”

“கரண்ட்டுல செத்த குரங்குதானே கௌடரே. இது வெறும் உண்ணி. கடிச்சா ரெண்டு நாள் அரிக்கும். உங்க ஆளுங்களுக்கு நீங்க சொல்றதுதானே? நான் உக்காந்திருக்கேன் பாருங்க. உக்காந்து சொல்லுங்க.”

கௌடர் சுற்றிலும் பார்த்தார். இரண்டு வருஷமாகச் சருகு கூட்டுகிறவர்கள், கூட்டிவிட்டுக் காய்ச்சலில் படுத்தவர்கள், எல்லாரும் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்போதுதான் பார்த்தார். கணுக்காலில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. தட்டினார், அது போகவில்லை. ஈர வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

“எடுங்கடா இதை. எண்ணெய் எங்கடா, எண்ணெய் கொண்டாங்கடா. இந்தக் காட்டு உண்ணியில சீக்கு இருக்குடா, கடிச்சா நான் செத்துப்போவேன்.”

சொல்லிவிட்டார். அந்த வாயே சொல்லிவிட்டது. சொன்னது என்னவென்று தன் காதில் விழுந்ததும் வேட்டியைக் கீழே விட்டார்.

ஒருத்தரும் எண்ணெய் கொண்டுவர ஓடவில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஹூவப்பா கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு வந்தான். அன்றைக்குப் பாடையின் பின்பக்கத்தைத் தூக்கியவன். அவனுக்கும் காய்ச்சல் வந்து பிழைத்து, வலது கை இன்னும் உதறுகிறது. அது டைபாய்டு என்று கௌடர்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்.

“அன்னிக்கு எங்க கையில தூக்கிக் குடுத்தப்போ உங்களுக்குத் தெரியாதா கௌடரே?” என்று கேட்டான். அவன் அவருடைய காலடியில் குனிந்து, உதறுகிற கையால் அந்த உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்து எடுத்தான். அதைப் பங்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே கதவைத் தாண்டிப் போனான். அவனுக்குப் பின்னால் ஊரும் இலையை விட்டு எழுந்து போயிற்று.

கதவுக்கு வெளியே, அவள் சொல்லி வைத்தபடி நஸீர் குப்பிகளோடு காத்திருந்தான். துணியில் இருந்ததையெல்லாம் இருவருமாக இடுக்கியால் பிடித்து அடைத்தார்கள். பங்காரம்மா அன்று எந்த உண்ணியையும் திட்டவில்லை. கௌடரின் காலில் ஏறியதை மட்டும் தனிக் குப்பியில் போட்டாள். மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. தழைக்காட்டு உண்ணியில் காய்ச்சல் கிருமி இருந்தது. காட்டை மூடினார்கள், கௌடருடைய கொட்டிலில் மாடுகள் வெறும் கல்லில் நின்றன. சௌடப்பாவின் காகிதத்தைத் திரும்ப எடுத்து, குரங்குக் காய்ச்சலாக இருக்கலாம், நோய் தொற்றிய இடம் தழைக்காடு என்று எழுதினார்கள். இருக்கலாம் என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குழாயடியில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. கௌடர் கொன்றார் என்றே சொல்கிறார்கள். முன்பு அவளைச் சொன்ன அதே வாய்கள்.

பூஜைக்கும் சோதனை முடிவுக்கும் நடுவில் ஒரு பத்து நாள் இருந்தது. கடி பட்டால் காய்ச்சல் தெரிய அவ்வளவு நாள் ஆகலாம். கௌடர் அந்தப் பத்து நாளும் காலையிலும் சாயங்காலமும் நாக்கின் கீழ் வெப்பமானியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாராம். பங்காரம்மா தினமும் வேலைக்குப் போகிற வழியை மாற்றி அவர் வீட்டு முன்பக்கமாகவே போனாள். அந்தப் பத்து நாளையும் அவள் ரசித்து ரசித்து அனுபவித்தாள், அதை மறைப்பானேன். சௌடப்பா முகத்தைப் பார்க்காத குறைக்கு இவர் முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று நஸீரிடம் சொன்னாள்.

கௌடருக்குக் காய்ச்சல் வரவில்லை. காட்டை மூடிய ஒரு வாரத்தில் ஒருநாள் காலை அவர் அவள் வாசலில் வந்து நின்றார். மேல்துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. நடந்தது நடந்துபோயிற்று, நீ ஒரு வார்த்தை சொன்னால் நஸீர் கேட்பான், தோட்டம் காய்கிறது, கதவைத் திறந்துவிடச் சொல் என்றார். அன்றைக்கு நின்ற அதே இடத்தில், வாசலுக்கு வெளியேதான் நின்றார். அவள் வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

“என்ன கௌடரே,” என்றாள், “அனுமான் உங்களை இன்னும் கூப்பிடலையா?”

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், பிறகு இறங்கிப் போனார். அவள் விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது.